ஏழாம் நம்பர் ரூமில் ஒரு லேண்ட்மாஸ்டர்

காலண்டர் தாள்களில் பிழை பார்க்கத்தான் நான் திருத்தங்கலுக்குப் போனேன். பினாங்கில் எங்கள் சங்கம் ஆண்டுதோறும் தினத்தாள் காலண்டர் வெளியிடுகிறது; அச்சு திருத்தங்கலில். சென்ற ஆண்டு ஒரு விடுமுறை தவறான தாளில் சிவப்பாக விழுந்துவிட்டது. அதை நம்பி எங்கள் மளிகைக்கடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டுக் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போய்விட்டார். இந்த முறை யாராவது நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருவது என்று முடிவானது. செய்தித்தாளில் பிழை திருத்தியே முடி நரைத்தவள் அந்தக் கூட்டத்தில் நான் ஒருத்திதான்.

விருதுநகரில் இறங்கிய மாலை முதலில் கவனித்தது புரோட்டாவை. எங்கள் ஊர் ரொட்டி சானாயும் இதுவும் உறவு என்று கேள்விப்பட்டிருந்தேன். இங்கே அதை எண்ணெயில் முக்கிப் பொரிக்கிறார்கள். தொட்டால் அப்பளம் போல் நொறுங்குகிறது. பரிமாறியவர் அதை உடைத்துப் போட்டுச் சால்னாவை ஊற்றிவிட்டு, நான் கேட்காமலேயே சொன்னார்: "ஊறட்டும், அப்புறம் சாப்பிடுங்க. வெளியூர்க்காரவுக அவசரப்பட்டு வாயைக் கிளிச்சுக்கிடுவாக." ஊற விட்டுச் சாப்பிட்டேன். நாளைக்கும் இதே கடை என்று அப்போதே தீர்மானித்துக்கொண்டேன்.

மறுநாள் காலை டவுன் பஸ். வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. டிரைவர் என்ஜினை நிறுத்திவிட்டு இறங்கி வேப்பமர நிழலில் நின்றுகொண்டார். பின்னால் பட்டாசுப் பெட்டிகள் ஏற்றிய லாரி. அதில் சாய்ந்தபடி ஒருவர் சாத்தூர் வெள்ளரிப்பிஞ்சு தின்றுகொண்டிருந்தார். எங்கள் ஊரில் படகுத்துறை வரிசையில் காத்திருப்பவர்கள் கண்ணாடியை ஏற்றிவிட்டு வாயை மூடிக்கொள்வார்கள். இங்கே கேட் மூடினால் வாய் திறக்கிறது.

"ஏலே, ரயில் வருதா, இல்ல சும்மா சாத்திப் பாத்தியா?" என்று ஒருவர் கேட்கீப்பரிடம் கத்தினார்.

"வரும்லே. உன்னைய என்ன சூலக்கரையில கலெக்டர் காப்பியோட எதிர்பாத்துக்கிட்டா இருக்காரு?"

அச்சகத்தில் எனக்கு வேலை இல்லை. சீசன். மேனேஜர் கையைப் பிசைந்தார். "இன்னிக்கு உங்க பிளேட்டு ஏறாது மேடம். சனிக்கிழமை ஏத்திருவோம். அதுவரைக்கும் ஊரைச் சுத்திப் பாருங்க." திருத்தங்கலில் எதைச் சுற்றிப் பார்ப்பது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சொன்னது முத்துலட்சுமி. பைண்டிங் பகுதியில் தேதித் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்த பெண். விரல்கள் தாள்களில் ஓட, கண் என் மேல் இருந்தது. எங்கள் ஊரில் காரை என்ன என்று சொல்வோம் என்று கேட்டாள். காடி என்போம் என்றேன். இங்கே காடி என்றால் புளித்த கஞ்சியாம்; வரிசை முழுவதும் சிரித்தது.

"எங்கம்மா பளைய காடிகளுக்கு நடுவுலதேன் வேலை பாக்குது. மியூசியம். போயிப் பாருங்கக்கா" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தாமலே சேர்த்துக்கொண்டாள்: "ஞாயித்துக்கிளமை எனக்குக் கல்யாணம். அந்த மியூசியத்துல பச்சைக் கலர் வண்டி ஒண்ணு இருக்கு. அதுலதேன் மாப்பிள்ளை ஊருக்குப் போறேன்."

"ஆமா, இவ பிளசர் கார்ல போவா. நாம பின்னாடியே சீர்ப் பாத்திரத்தைத் தூக்கிக்கிட்டு ஓடணும்" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"ஓடி வாங்கடி. ஒடம்பு எளைக்கும்."

வியாழக்கிழமை போனேன். ஊருக்கு வெளியே, முள்வேலி போட்ட கரிசல் நிலம். உள்ளே தள்ளித் தள்ளித் தனித்தனியாக ஓட்டுக் கட்டடங்கள். தூரத்திலிருந்து பார்த்தால் பட்டாசுக் கம்பெனி. கிட்டே போனாலும் பட்டாசுக் கம்பெனிதான். அதன் முதலாளி தொழிலை விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போனபோது, விருதுநகரில் மிளகாய் வத்தல் மண்டி வைத்திருக்கும் காதர் மைதீன் இந்த இடத்தை வாங்கினார். தான் சேர்த்து வைத்திருந்த பழைய கார்களை நிறுத்த இடம் வேண்டியிருந்தது அவருக்கு. கம்பெனியில் வேலை இழந்து நின்ற பெண்கள் சிலரையும் அப்படியே வைத்துக்கொண்டார்.

அவரே கேட்டில் வந்து அழைத்துப் போனார். வெள்ளைச் சட்டை, கட்டம் போட்ட கைலி, கண்ணாடி. "வாங்கம்மா. செருப்பை அந்த மரத்தடியில விட்டுருங்க. செல்போன் இருந்தா அந்தக் கூடையில போடுங்க. நான் வச்ச சட்டமில்ல, இவுக வச்சது" என்று ஒரு பெண்ணைக் காட்டினார். காட்டன் சேலை, அதற்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, வளையல் இல்லாத கை. முத்துலட்சுமியின் தாய் மாரியம்மாள்.

பட்டாசு அறைகளுக்கென்று ஒரு வடிவம் உண்டு. எதிரெதிராக இரண்டு வாசல். ஒன்றில் நெருப்பென்றால் மற்றொன்றில் ஓடலாம். கதவுகள் வெளிப்பக்கம் திறக்கும். ஓர் அறைக்கும் அடுத்ததற்கும் நல்ல இடைவெளி. ஒவ்வொரு கதவிலும் அறையின் எண்ணும், எத்தனை ஆட்கள் உள்ளே இருக்கலாம் என்பதும் பெயிண்டில் எழுதியிருக்கும். கார் நுழைவதற்காகக் காதர் மைதீன் சுவர்களை இடித்துப் பெரிதாக்கினார். வடிவம் மட்டும் மாறவில்லை.

"கொத்தனாரு இந்த ஊரு ஆளு. வாளப்போறது காருடான்னு சொன்னேன். சரி பாய், சரி பாய்ன்னான். வந்து பாத்தா எல்லாத்துக்கும் ரெண்டு வாசல்" என்றார். "கார் எங்கம்மா தப்பிச்சு ஓடப்போகுது?"

எல்லாக் கார்களும் வெளியேறும் வாசலைப் பார்த்தபடி நின்றன. உண்மையிலேயே ஓடத் தயாராக இருப்பவை போல.

பார்வையாளர்கள் ஓர் அறைக்குள் நான்கு பேருக்கு மேல் போகக் கூடாது. அன்று ஒரு குடும்பம் ஐந்து பேராக வந்திருந்தது. மாரியம்மாள் மாமியாரை வெளியே நிறுத்திவிட்டு, மற்றவர்கள் பார்த்து வந்ததும் மருமகளை நிறுத்தி மாமியாரை உள்ளே விட்டார். மருமகள் மரத்தடிக்குப் போய் நின்றாள். நிழலில் நின்றது அவளுக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன்.

முதல் அறையில் ஒரு மைனர் கார். திரும்பும்போது பக்கவாட்டிலிருந்து சிறு கை போல ஒரு விளக்கு எழுந்து நிற்கும். காதர் மைதீன் அதை விரலால் தூக்கிக் காட்டினார். அடுத்தது ஹெரால்டு, முன்பக்கம் முழுவதும் முதலை வாய் போலத் திறக்கிறது. யுத்த காலத்தில் பெட்ரோலுக்குப் பதிலாகக் கரியை எரித்து, அந்தப் புகையில் ஓடிய கார் ஒன்றும் இருக்கிறது. பின்னால் உருளை அடுப்பு. அதை மட்டும் கோடியில் இருந்த அறையில் வைத்து, இரு வாசலிலும் தண்ணீர்த் தொட்டி கட்டியிருந்தார்கள். அந்த அடுப்பில் கரி விழுந்து ஒரு தலைமுறைக்கு மேல் ஆகிறது.

"அடுப்பு அடுப்புதான?" என்றார் மாரியம்மாள்.

ஏழாம் நம்பர் அறையில் பச்சை லேண்ட்மாஸ்டர். அம்பாசிடருக்கு முந்தைய பிறவி. அதே உருண்ட முதுகு, ஆனால் கண் கொஞ்சம் அப்பாவி. கியர் தண்டு ஸ்டியரிங்கோடு ஒட்டியிருக்கிறது. முன் இருக்கை நீளமான பெஞ்சு. காதர் மைதீனின் வாப்பா வாங்கியது. பெயிண்டில் என் முகம் தெரிந்தது. டிக்கியைத் திறந்தார், எனக்குத் தும்மல் வந்தது.

"வத்தல்" என்றார் திருப்தியோடு. "வாப்பா அம்புட்டு மூட்டை ஏத்துவாக. எந்தச் சோப்புக்கும் போகல."

வெளியே வெயில் கொளுத்தியது. அந்த அறையின் சிமெண்டுத் தரை மட்டும் வெறுங்காலுக்குச் சில்லென்று இருந்தது. கதவருகே வாளியும் குவளையும் இருந்தன. சுகமாக இருக்கிறது என்றேன். "நானும் மத்தியானம் சாப்பிட்டுட்டு இங்கனதான் கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போறது" என்றார் காதர் மைதீன். மாரியம்மாள் முகத்தில் பெருமை தெரிந்தது.

இந்த வண்டிதான் ஞாயிற்றுக்கிழமை போகிறதா என்று கேட்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மாரியம்மாள் சிறு மகளையும் கூட்டிக்கொண்டு வருவாராம். முத்துலட்சுமி இந்தக் காரின் பின் இருக்கையில்தான் தூங்குவாள். 'உன் கல்யாணத்துக்கு இதுதான் வண்டி' என்று காதர் மைதீன் அப்போதே சொல்லிவிட்டார்.

"நிச்சயத்தன்னிக்கு நான் அதைச் சபையில சொல்லிட்டேன்" என்றார் மாரியம்மாள். "மாப்பிள்ளையோட அக்கா செல்லத்தாய்னு ஒருத்தி. 'பாப்பம், பாப்பம். வண்டி வருதா, வண்டியோட படம் வருதான்னு பாப்பம்'னு சொன்னா. அவ வாசல்ல வண்டி நிக்கணும். அம்புட்டுதேன்."

வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை முடிந்து காதர் மைதீன் வீட்டில் சாப்பாடு. நெய்ச்சோறு, தால்சா, கத்தரிக்காய்ப் பச்சடி. எங்கள் ஊர் நாசி கண்டாரில் எல்லாக் குழம்பையும் ஒன்றாகக் கலந்து ஊற்றுவார்கள் என்று சொன்னேன். அவர் மனைவி கரண்டியைக் கீழே வைத்தார். "எல்லாத்தையுமா? பாவம், அவுகளுக்குத் தனித்தனியாக் கிண்ணம் இல்லையோ?"

சாப்பிட்டுவிட்டு மியூசியத்துக்குப் போனோம். மெக்கானிக் சுப்பையா வந்திருந்தார். அங்கே எல்லாக் கார்களிலும் பேட்டரியைக் கழற்றித்தான் வைத்திருப்பார்கள். சுப்பையா மாதம் ஒருமுறை வந்து, ஒவ்வொன்றையும் கேட்டுக்கு வெளியே தள்ளச் சொல்லி, ரோட்டில் வைத்துத்தான் ஸ்டார்ட் செய்வார். உள்ளே என்ஜின் ஓடக் கூடாது. இதுவும் பெண்கள் வைத்த சட்டம். லேண்ட்மாஸ்டர் ரோட்டுக்கு வந்து, ஒருமுறை இருமி, பிறகு சீராக ஓடியது. பெண்கள் குலவை போட்டார்கள்.

"பின் சீட்டு ஸ்பிரிங்கு சத்தம் போடுது. பொண்ணு மாப்பிள்ளை உக்காரையில மானம் போயிரும்" என்று சொல்லிக்கொண்டே சுப்பையா பின்கதவைத் திறந்து ஏறினார். ரப்பர் விரிப்பின் மேல் கால் வைத்தார். விரிப்பு உள்வாங்கியது. காருக்கு அடியில் சுப்பையாவின் பாதம் வந்து ரோட்டில் நின்றது.

பேச்சியம்மாள் என்ற பெண் முதலில் சிரித்துவிட்டார். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

காலை மெதுவாக வெளியே எடுத்து, கீறலில் எச்சில் தடவிக்கொண்டு, சுப்பையா விரிப்பைச் சுருட்டினார். பின்பக்கத் தகடு முழுவதும் பழுப்பாக, பிஸ்கட் போல் உதிர்ந்தது. இந்தக் காருக்கு அடியில் தனி இரும்புச் சட்டம் கிடையாது, உடம்புதான் சட்டம் என்றார். இரண்டு பக்கத்து ஓரங்களையும் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். அங்கே சத்தம் கெட்டியாக வந்தது. முன்பக்கமும் கெட்டி. நடுவில் மட்டும்தான் நாசம்.

"இது மளைத் தண்ணி இல்ல பாய். மேலருந்து வந்த துரு. உள்ள எவனோ தெனம் தண்ணி ஊத்தியிருக்கான்."

"எவனும் இல்ல" என்றார் மாரியம்மாள். "நான்தேன்."

காதர் மைதீன் திரும்பினார். "வண்டிக்குள்ளயா? எம்புட்டு நாளா?"

"வந்த நாள்ல இருந்துதேன் பாய். காலையில ஒரு தடவ, சாயந்தரம் ஒரு தடவ. ரூமைக் களுவி விட்டுட்டு, அதுக்குள்ளயும் ஒரு குவளை ஊத்தித் தொடச்சு, விரிப்பைப் போட்ருவேன்."

"ஏன் ஆத்தா? கார்ல யாராச்சும் தண்ணி ஊத்துவாகளா?"

"அதுவும் ரூம் மாதிரிதான பாய்? அதுக்கும் ரெண்டு பக்கம் கதவு இருக்குல்ல."

சுப்பையா ஏதோ சொல்ல வாயெடுத்தார். காதர் மைதீன் கையைக் காட்டி நிறுத்தினார்.

பட்டாசு அறையில் சிந்திய மருந்து காய்ந்து கிடக்கக் கூடாது. ஒரு துகள் காலில் உரசினாலும் போதும். வேலைக்கு முன்னும் பின்னும் தரையைக் கழுவியாக வேண்டும். அதைச் செய்யாதவளை அடுத்த நாள் வேலைக்குச் சேர்க்க மாட்டார்கள். இதைப் பேச்சியம்மாள்தான் எனக்குத் தனியாகச் சொன்னார். அவர்கள் முன்பு வேலை பார்த்த வேறொரு கம்பெனியில் பக்கத்து அறையை ஒரு நாள் கழுவாமல் விட்டுவிட்டார்களாம். சொல்லிக்கொண்டே அவர் தன் முழங்கையில் சுருங்கியிருந்த தோலைச் சேலையால் மூடிக்கொண்டார்.

மாரியம்மாள் விரிப்பை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "என் புள்ளைக்கு வண்டி வேணாம் பாய். பஸ்ஸுல போவா. உங்க வாப்பா வண்டியை நானே தின்னுட்டேன்."

"தரை சில்லுன்னு இருக்குன்னு தெனம் அதுல உக்காந்தது யாரு? நான்தான? ஏன் சில்லுன்னு இருக்குன்னு ஒரு நாளாச்சும் கேட்டேனா?" என்றார் காதர் மைதீன். பிறகு சுப்பையாவைப் பார்த்து, "ஞாயித்துக்கிளமைக்கு என்ன வளி, அதைச் சொல்லுய்யா" என்றார்.

வழி வெல்டிங். ஒரு தகட்டை வெட்டிப் பற்றவைத்தால் தீர்ந்தது. மிஷினை வாடகைக்கு எடுத்து இங்கேயே கொண்டுவருகிறேன், கரண்ட் உள்ளேதானே இருக்கிறது என்றார் சுப்பையா. அதுவரை தலையைக் குனிந்திருந்த மாரியம்மாள் நிமிர்ந்தார்.

"இங்கனயா? உள்ளயா? நெருப்பா?"

"ஏ ஆத்தா, இங்கன வெடி செஞ்சு வருசம் எம்புட்டாச்சு!"

"வருசம் உனக்குத் தெரியும். மண்ணுக்குத் தெரியுமா?"

மற்ற பெண்களும் அவர் பக்கம் வந்து நின்றார்கள். மகள் கல்யாணத்துக்கு வண்டி வேண்டுமென்றால் ஒரு மணி நேரம் கண்ணை மூடிக்கொள்ளலாம். மாரியம்மாள் மூடவில்லை. காதர் மைதீனும் வற்புறுத்தவில்லை.

சனிக்கிழமை காலை சுப்பையா திருத்தங்கலில் இருந்த பட்டறைகளை எல்லாம் சுற்றிவிட்டு வந்தார். எங்கும் லாரிகள். தீபாவளி லோடு ஏற்ற வேண்டிய வண்டிகளுக்குத்தான் முதல் மரியாதை. 'கல்யாணக் காரா? திங்கக்கிளமை கொண்டாங்க' என்றார்களாம். "திங்கக்கிளமை மறுவீட்டுக்கு வேணா வச்சுக்கலாம்" என்றார் சுப்பையா. யாரும் ரசிக்கவில்லை.

நான் அச்சகத்துக்குப் போய் என் தாள்களைப் பார்த்தேன். விடுமுறைகள் எல்லாம் சரியான தாளில் சிவப்பாக இருந்தன. முத்துலட்சுமி விடுப்பில் இருந்தாள். கார் விஷயம் அவளுக்குத் தெரியுமா என்று தெரியவில்லை. மேனேஜரிடம் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பவும் மியூசியத்துக்கே போனேன். எனக்கு அங்கே எந்த வேலையும் இல்லை. ஆனால் பாதிச் செய்தியோடு ஊருக்குப் போக எனக்குப் பழக்கமில்லை.

போனபோது சுப்பையா ஒரு கதவை அறுத்துக்கொண்டிருந்தார்.

அறைகளைப் பெரிதாக்கியபோது கழற்றிய பழைய கதவுகளைப் பின்னால் அடுக்கி வைத்திருந்தார்கள். வேங்கை மரம், கனமான பலகை. குறுக்கே போட்டால் இரண்டு ஓரமும் தாங்கும் என்று கண்டுபிடித்தது யார் என்பதில் சுப்பையாவுக்கும் பேச்சியம்மாளுக்கும் சண்டை. "நான்தேன் சொன்னேன்." "நீ கதவுன்னுதான சொன்னே? குறுக்கன்னு நான் சொன்னேன்." ஓரங்களில் துளை போட மின்கருவி வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். கையால் சுற்றும் துளைக்கருவியால் சுப்பையா ஒவ்வொரு துளையாகப் போட்டார். பெண்கள் முறை வைத்துப் பலகையை அழுத்திப் பிடித்தார்கள். போல்ட்டுகளை முடுக்கிய பிறகு, சுப்பையா அதன் மேல் ஏறிக் குதித்தார். கார் ஆடியது. கதவு ஆடவில்லை.

குனிந்து பார்த்தேன். பலகையின் மேல்புறத்தில் பழைய பெயிண்ட் அழியாமல் இருந்தது: அறை எண் 7. ஆட்கள் 4.

"விரிப்பைப் போட்டா மறைஞ்சிரும்" என்றார் சுப்பையா.

"விரிப்பு போட வேணாம்" என்றார் மாரியம்மாள். "காத்தாடட்டும்."

ஞாயிற்றுக்கிழமை திருத்தங்கலில் காலை முகூர்த்தம் முடிந்தது. இட்லி, கேசரி, வாழைப்பழம். முத்துலட்சுமியின் மாலை அவளைவிடப் பெரியதாக இருந்தது. கார் வாசலுக்கு வந்தபோது அச்சகத்துப் பெண்கள் சத்தம் போட்டார்கள். மாப்பிள்ளை பட்டாசுக் கம்பெனியில் லோடு ஏற்றுபவர். தன் ஆட்கள் கொண்டுவந்த பத்தாயிரம் வாலா சரத்தை வண்டிக்கு முன்னால் விரிக்கப் போனார்.

"மாப்பிள்ள, அங்கன தள்ளி" என்று மாரியம்மாள் தெருமுனையைக் காட்டினார். மாப்பிள்ளை அதைச் சுருட்டிக்கொண்டு போனார். தொழில் தெரிந்தவர்.

மாப்பிள்ளை வீட்டார் காரில் ஏறத் தொடங்கினார்கள். இரண்டு அத்தைமார், ஒரு மாமா, மடியில் குழந்தைகள். மாரியம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு மறித்தார்.

"பின்னாடி பொண்ணு, மாப்பிள்ளை. முன்னாடி டிரைவரு, இன்னொருத்தர். நாலு பேருதேன்."

"எங்க ஊர்ல அம்பாசிடர்ல பதினோரு பேரு போவம்" என்றார் மாமா.

"இது உங்க ஊரு வண்டி இல்ல. கீள எளுதியிருக்கு, படிச்சுக்கோங்க."

மாமா குனிந்து படித்தார். எழுதியிருப்பதைப் பார்த்ததும் இறங்கிவிட்டார். இந்த வட்டாரத்தில் அந்த எழுத்துக்கு அப்படி ஒரு மரியாதை.

சுப்பையா ஓட்டினார். அந்த நான்காவது இடம் எனக்குக் கிடைத்தது. வெளிநாட்டு விருந்தாளி என்று காதர் மைதீன் சிபாரிசு செய்தார். மற்றவர்கள் ஒரு மினி பஸ்ஸில் பின்னால் வந்தார்கள். மாரியம்மாள் அதன் முன் இருக்கையில், எங்கள் டயர்களைப் பார்த்தபடி. அவர் மடியில் ஏழாம் அறையின் வாளி இருந்தது; இப்போது உள்ளே மணல்.

சாத்தூர்ப் பக்கம் நெடுஞ்சாலையை நான்கு வழியாக்கத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். ஒரு மாற்றுப் பாதை எங்களைப் பள்ளத்தில் இறக்கியது. கார் சாய்ந்தது. கதவுப் பலகை நீளமாக ஒரு முனகல் விட்டது. சுப்பையா ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். பின்னால் முத்துலட்சுமி, மாலையை விலக்கிக் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். பலகைக்கும் ஓரத்துக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி.

"ரோடு தெரியுது" என்றாள் கணவனிடம்.

"பயமா இருக்கா?"

"இல்ல. நல்லாத்தேன் இருக்கு. ஓடுறது தெரியுதுல்ல."

பள்ளம் ஏறினோம். சுப்பையா மூச்சு விட்டார். "துரைமார் ஓட்டுன காலத்துல இந்த வண்டி இப்படி ஒரு ரோட்டைப் பாத்திருக்காது" என்றார்.

"துரைமாரு போனப்புறம் வந்த வண்டிதான இது?" என்றேன்.

"அப்ப அவுக குடுத்து வச்சவுக."

மாப்பிள்ளை ஊரில் தெருவே வெளியில் நின்றது. லேண்ட்மாஸ்டர் வேகம் குறைந்து, வாசலுக்கு நேராக நின்றது. சுப்பையா என்ஜினை அணைக்காமல் ஒரு நிமிடம் ஓடவிட்டார். அவருக்கும் பெருமை வேண்டியிருந்தது. மினி பஸ் வந்து நின்றதும் மாரியம்மாள் வாளியோடு இறங்கி, முதல் வேலையாகக் குனிந்து காருக்கு அடியில் பார்த்தார். பலகை இருந்த இடத்தில் இருந்தது.

செல்லத்தாய் ஆரத்தித் தட்டோடு வந்தார். காரைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பெயிண்டில் தன் முகத்தைப் பார்த்தார். "வண்டிதேன்" என்றார். அதற்கு மேல் அவரிடமிருந்து எதுவும் எதிர்பார்க்க முடியாது என்று அங்கிருந்தவர்கள் முகத்தில் தெரிந்தது.

மணமக்கள் இறங்கினார்கள். செல்லத்தாய் தட்டைச் சுற்றி, பொட்டு வைத்து, திருஷ்டி கழித்தார். பெரிய தட்டு, மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த சிவப்புத் தண்ணீர் விளிம்பு வரை தளும்பியது. மனிதர்களுக்குச் சுற்றியாயிற்று. காருக்கும் சுற்ற வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். சுற்றினார். முடித்துவிட்டு, திறந்திருந்த பின்கதவுக்கு அருகே சக்கரத்தின் மேல் ஊற்றுவதற்காகத் தட்டைச் சாய்த்தார்.

மாரியம்மாளின் கை வந்து தட்டைப் பிடித்துக்கொண்டது. நாத்தனார் கையைப் பெண்ணின் தாய் மறிப்பதென்றால் என்ன என்று அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். 

"மதினி, வண்டி மேல ஊத்தாதீக."

"ஏன், சாமி குத்தமா?"

"துரு."

செல்லத்தாய் அவரைப் பார்த்தார். பிறகு காரைப் பார்த்தார். தட்டை அவர் கையில் விட்டார்.

மாரியம்மாள் தட்டைத் தளும்பாமல் எடுத்துக்கொண்டு தெருவின் அந்தப் பக்கம் வரை நடந்துபோய், வேலியோரத்தில் ஊற்றிவிட்டு, வெறுந்தட்டை இரண்டு முறை உதறினார். திரும்பி வந்து முந்தானையால் காரின் கதவு விளிம்பைத் துடைத்தார். அங்கே ஒரு சொட்டும் விழுந்திருக்கவில்லை.